பாண்டீஸ்வரியோட மூணு பேப்பர்

இல்லைங்க, நான் டீச்சர் இல்ல. யுனிவர்சிட்டி வாசல்ல பஸ் ஏறுனதால அப்படி நினைச்சுட்டீங்க போல. ஒரு வேலையா வந்தேன். தேனிக்குப் போறேன். அங்க ஒரு ஆஸ்பத்திரியில இருக்கேன். நர்ஸும் இல்ல. இன்சூரன்ஸ் டெஸ்க். இன்சூரன்ஸ் கார்டு வச்சிருக்கிற பேஷண்டுக்கு, கம்பெனிக்காரங்ககிட்டப் பேசி, பேப்பர் எல்லாம் அனுப்பி, ஆபரேஷனுக்கு அனுமதி வாங்கிக் குடுக்கிற வேலை. அந்த டெஸ்க்குக்கு நான்தான் இன்சார்ஜ்.

உங்க மக என்ன படிக்குது? பி.சி.ஏ.வா. ரெண்டாவது வருஷம். நிறுத்திட்டு வேலைக்குப் போறேங்குதா. ம். டிகிரியை முடிச்சாத்தான் ஆச்சான்னு என்கிட்டக் கேக்கறீங்க.

என்கிட்டப் போயிக் கேக்கறீங்களே. இல்ல, கோவமில்லைங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது, சும்மாதான் கேட்டீங்க. இதையே போன வருஷம் ஒருத்தி என்கிட்டக் கேட்டா. நான் பதிலும் சொன்னேன். சொன்ன பதிலுக்குத்தான் இன்னிக்கு இந்த வெயில்ல இங்க வந்து நின்னுட்டுப் போறேன். அதைச் சொல்றேன், கேட்டுட்டு உங்க மக விஷயத்தை நீங்களே யோசிச்சுக்கங்க.

பாண்டீஸ்வரின்னு ஒரு பொண்ணு. போடி பக்கம் ஒரு ஊரு. அப்பா இல்ல, அம்மா ஏலக்காய் பொறுக்கிற வேலைக்குப் போறவங்க. பிளஸ் டூ முடிச்ச கையோட எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா. டோக்கன் போடத்தான் எடுத்தாங்க. ஆறு மாசத்துல இன்சூரன்ஸ் டெஸ்க்ல உக்காந்துட்டா. யாரும் உக்கார வைக்கலைங்க. அந்த டெஸ்க்ல இருந்தவர் திடீர்னு வேலையை விட்டுட்டுப் போயிட்டார், போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, இவ எடுத்துப் பேசினா. அவ்வளவுதான்.

அப்படிப் பேசுவா. கம்பெனிக்காரங்க பாதிப் பேரு ஹிந்தியில பேசுவாங்க, கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டா. ஒரு தடவை, கம்பத்துப் பெரியவர் ஒருத்தர், இருதயத்துல அடைப்பு. கார்டுல பேரு ஒரு மாதிரி, ஆதார்ல பேரு ஒரு மாதிரி. கம்பெனி முடியாதுன்னுட்டான். அவரு மகன் வராண்டாவுல உக்காந்து அழறார். இவ போனை வச்சுட்டு, அந்தப் பெரியவர் ஊரு வி.ஏ.ஓ.வைப் பிடிச்சு, ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஒரு கடுதாசி எழுதி வாங்கி, அனுப்பி, மறுபடி பேசி, மத்தியானத்துக்குள்ள அனுமதி வாங்கிட்டா. அந்த மகன் அவ காலைத் தொட வந்துட்டார். “ஐயோ, எந்திரிங்கண்ணே”ன்னு ஓடிப் போயிட்டா. இருபத்தொரு வயசு அப்ப அவளுக்கு.

நான் அப்ப பில்லிங்ல இருந்தேன். பதினெட்டு வருஷம் பில்லிங்தாங்க. நான் பி.காம். தபால்ல படிக்கிற கரெஸ் இல்ல, காலேஜுக்குப் போயிப் படிச்ச பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்க தெருவுலயே அப்ப நான் ஒருத்திதான். அது எதுக்கு ஆச்சு? எனக்குப் பக்கத்துச் சீட்ல பத்தாவது ஃபெயிலான ஆளு, அதே சம்பளம், அதே டீ, அதே திட்டு. சர்டிபிகேட் பீரோவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர்ல கிடந்துச்சு. என் வீட்டுக்காரரு சைக்கிள் கடை வச்சிருந்தவரு, இப்ப டூ வீலர் மெக்கானிக். அவரு சொல்வாரு, “உன் பி.காமை எடுத்துட்டு வா, பஞ்சருக்கு ஒட்டலாம்”னு. விளையாட்டுக்குத்தான் சொல்வாரு. ஆனா தினம் சொல்வாரு.

பாண்டீஸ்வரி கரெஸ்ல பி.காம் சேந்திருந்தா. மொத ரெண்டு வருஷமும் பாஸ். கடைசி வருஷத்துல மூணு பேப்பர் போயிருச்சு. வேலைக்கும் போயிக்கிட்டு எப்படிங்க படிக்கிறது? போன செப்டம்பர்ல, கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம், கேட்டா. “அக்கா, அந்த மூணு பேப்பருக்கு மறுபடி அப்ளை பண்ணவா, விட்டுரவா? கடைசித் தேதி வந்துருச்சு.”

அவ எல்லாத்தையும் என்கிட்டத்தான் கேப்பா. எந்தக் கலர் சுடிதார் எடுக்க, அம்மாவுக்கு முட்டி வலிக்குது எந்த டாக்டர்கிட்டக் காட்ட, பஸ்ல ஒருத்தன் முறைச்சு முறைச்சுப் பாக்குறான் என்ன பண்ண, எல்லாம். அவ வீட்ல படிச்சவங்க கிடையாது. அதனால நான் சொன்னா அவளுக்கு அது வேதவாக்கு.

நான் சொன்னேன், “என்னைப் பாரு.” அவ்வளவுதாங்க மொதல்ல சொன்னேன். அப்புறம் சொன்னேன், “நானும் பி.காம்தான். நீ பிளஸ் டூ. உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? உனக்கு வேலை தெரியுது. வேலை தெரிஞ்சவளுக்கு எதுக்குடி பேப்பரு? வாங்குற சம்பளத்தை அம்மாகிட்டக் குடு, ஞாயித்துக்கிழமை தூங்கு.”

சிரிச்சா. “சரிக்கா”ன்னா. டீ கிளாஸைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டா. அந்த வாரம் கடைசித் தேதி தாண்டிருச்சு.

கட்டாயப்படுத்தலைங்க நான். அவ கேட்டா, நான் மனசுல பட்டதைச் சொன்னேன். என் மக கேட்டிருந்தாலும்... இல்ல. என் மக இப்ப எம்.எஸ்சி. படிக்கிறா. அது வேற விஷயம்.

நவம்பர்ல எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தரச் சான்றிதழ் வாங்கப் போறோம்னு சொன்னாங்க. அதுக்கு வெளியூர்லருந்து ஆளுங்க வந்து எல்லாத்தையும் சோதிப்பாங்க. படுக்கையிலருந்து பாத்ரூம் வரைக்கும். அதுல ஒரு விதி. ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு இன்சார்ஜ் இருக்கணும், அந்த இன்சார்ஜ் டிகிரி முடிச்சிருக்கணும். இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு யாரைப் போடறதுன்னு பாத்தாங்க. மேனேஜர் சார் பாண்டீஸ்வரி பேரைத்தான் மொதல்ல எழுதியிருந்தார். ஃபைலை எடுத்துப் பாத்தா டிகிரி இல்ல. மூணு பேப்பர். என்னைக் கூப்பிட்டாங்க.

சம்பளமும் கூடுச்சு. தனி மேஜை. கழுத்துல போடற கார்டுல பேருக்குக் கீழ ‘இன்சார்ஜ்’. அன்னிக்குச் சாயங்காலம் பீரோவைத் தொறந்து சர்டிபிகேட்டை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னாடி வச்சேன். “பஞ்சர் ஒட்டறீங்களா?”ன்னு கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்க. பொய் சொல்லக் கூடாது, அன்னிக்குச் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

மறுநாள் அந்த டெஸ்க்குக்குப் போறேன். இவ சேரைத் தொடச்சுக்கிட்டு நிக்கிறா. அவ உக்கார்ற சேரு, முதுகு சாயறது, அந்த ரூம்லயே அது ஒண்ணுதான் நல்ல சேரு. “வாங்கக்கா, உக்காருங்க. வேற யாரையாச்சும் போட்டுருவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க வந்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?”ன்னா. அவ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

எனக்கு அந்த வேலையில ஒண்ணும் தெரியாது. கம்ப்யூட்டர்ல எங்க தட்டணும்னு தெரியாது. போன் வந்தா அவகிட்ட நீட்டிருவேன். அவதான் சொல்லிக் குடுத்தா. ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்லிக் குடுத்தா. டாக்டருங்க வந்து பழக்கத்துல “பாண்டீஸ்வரி, அந்தக் கேஸ் என்னாச்சு?”ம்பாங்க. “அக்காகிட்டக் கேளுங்க சார், அக்காதான் பாத்தாங்க”ம்பா. நான் பாத்திருக்கவே மாட்டேன். அவளே பாத்து, என் பேர்ல அனுப்பி, சுருக்கமா ஒரு தாள்ல எழுதி என் கைக்கடியில வச்சிருப்பா. நான் அதைப் பாத்து வாசிப்பேன். டாக்டர் “குட்”டுன்னு சொல்லிட்டுப் போவார்.

என்ன கேட்டீங்க? அந்த விதி எப்ப வந்துச்சுன்னா? நவம்பர்லன்னு சொன்னேனே.

...

இல்ல. எல்லாருக்கும் நவம்பர்லதான் சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரியும். பில்லிங்ல பிரிண்டர் இருக்கு, ஆபீஸ்லருந்து வர்ற தாளெல்லாம் அதுலதான் அடிப்பாங்க. ஒரு நாள் எதையோ எடுக்கப் போனப்ப அந்தத் தாள் கிடந்துச்சு. வாசிச்சேன். ‘பட்டம் பெற்றிருத்தல் அவசியம்’னு போட்டிருந்துச்சு. மேனேஜர் மேஜையில கொண்டு போயி வச்சேன். செப்டம்பர் முதல் வாரம். அவ கேன்டீன்ல கேட்டது... அதுக்கு ஒரு பத்து நாளைக்கு அப்புறம் இருக்கும்.

ரெண்டையும் முடிச்சுப் போடலைங்க நான். சத்தியமாச் சொல்றேன். டீ குடிக்கையில அந்தத் தாள் ஞாபகமே... ஞாபகம் இருந்துச்சு. இருந்துச்சுங்க. ஆனா, இதைச் சொன்னா அப்படி ஆகும்னு கணக்குப் போட்டுச் சொல்லல. அவ கேட்டா. வாயில அது வந்துருச்சு. இதை இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரர்கிட்டக்கூட. நீங்க உசிலம்பட்டியில எறங்கிப் போயிருவீங்க, அதான் சொல்லிட்டேன் போல.

சரி. அப்படியே போயிருக்கும். போன வாரம், சோதிக்கிறவங்க வர்றதுக்கு முன்னாடி ஒத்திகை மாதிரி, சென்னையிலருந்து ஒருத்தர் வந்தார். நல்ல மனுசன்தான், அதட்டல் கிதட்டல் கிடையாது. எங்க டெஸ்க்குக்கு வந்து நின்னு, “இன்சார்ஜ் யாரு?”ன்னார். எந்திரிச்சேன். “ஒரு பேஷண்டுக்கு அனுமதி மறுத்துட்டா நீங்க வரிசையா என்னென்ன பண்ணுவீங்கம்மா?”ன்னார். தெனம் நடக்குற விஷயங்க. என் கண்ணு முன்னாடி அவ செய்யறதுதான். எனக்கு ஒண்ணும் வரல. ஸ்டூல்லருந்து ஒரு தாளு என் பக்கம் மெதுவா நகந்து வருது. அதுல நாலு வரி. நான் பாத்து வாசிச்சேன்.

அவரு அதைக் கவனிச்சுட்டார். அவ பக்கம் திரும்பி, “நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”ன்னார். சொன்னா. “பின்ன நீங்க ஏன் இன்சார்ஜ் ஆகல?”

“டிகிரி முடிக்கல சார்.”

“எவ்வளவு பாக்கி?”

“மூணு பேப்பர் சார்.”

“மூணே பேப்பரா? ஏம்மா முடிக்காம விட்டீங்க?”

இவ என்ன சொன்னா தெரியுமா? “சோம்பேறித்தனம் சார்”னா.

அவரு சிரிச்சார். மேனேஜரும் சிரிச்சார். அவளும் சிரிச்சா. அடுத்த டிபார்ட்மெண்டுக்குப் போயிட்டாங்க. அவ என்னைத் திரும்பிப் பாக்கல. அதாங்க. எது நடந்தாலும் மொதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பா. அன்னிக்குப் பாக்கல. ஃபைலை எடுத்து, விட்ட எடத்துலருந்து வேலையைப் பாத்தா.

சோம்பேறியாம். அவ!

அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. மூணு பேப்பர்தானே, நாமளே போயி விசாரிச்சு, இன்னும் எழுத முடியுமான்னு கேட்டு, முடியும்னா ஃபாரம் எல்லாம் வாங்கிட்டுப் போயி அவ கையில குடுத்து “எழுதுடி”ன்னு சொல்லிரணும்னு நினைச்சேன். அவ என்னமோ அழுவா, அக்கான்னு கட்டிப்பிடிச்சுக்குவான்னெல்லாம் மனசுல ஓடுச்சு. இன்னிக்கு உடம்பு சரியில்லன்னு லீவு சொல்லிட்டுக் காலையிலயே கிளம்பி வந்துட்டேன். அவ மார்க் ஷீட் நகல் எங்க ஃபைல்ல இருக்கும், அதுலருந்து பதிவு நம்பரைக் குறிச்சுட்டு வந்தேன்.

ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னேன். கவுன்டர்ல ஒரு அம்மா, பொறுமையாத்தான் கேட்டாங்க. “இது உங்க நம்பர் இல்லையே, பொண்ணுக்கு நீங்க யாரு?”ன்னாங்க. “அக்கா”ன்னேன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாங்க. “மூணு பேப்பரா? அதுக்கு அப்ளை பண்ணியாச்சேம்மா. ஏப்ரல் மூணாந்தேதியே பண்ணியிருக்கு. ஹால் டிக்கெட்டே வந்துரும் இன்னும் ரெண்டு நாள்ல.”

எனக்குப் புரியல. “யாரு பண்ணாங்க?”ன்னு கேட்டேன்.

“உங்க தங்கச்சிதான். வேற யாரு பண்ணுவா?” அந்தம்மா நிமிந்து பாத்தாங்க. “அக்காகிட்டச் சொல்லலையா?”

இல்லைங்க. அக்காகிட்டச் சொல்லல. சுடிதார் கலரை என்கிட்டக் கேட்டவ, மாசாமாசம் வயித்து வலின்னா என்கிட்ட வந்து சொன்னவ, இதை மட்டும் சொல்லல. ஏப்ரல்லயே அப்ளை பண்ணிட்டு, எனக்குப் பக்கத்துல அந்த ஸ்டூல்ல உக்காந்து, எனக்குத் தாள் எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. அந்த மனுசன் கேட்டப்பவும் ‘எழுதப் போறேன் சார்’னு சொல்லல. நான் பக்கத்துல நின்னேனே, எப்படிச் சொல்லுவா?

பிரிண்டர்ல கிடந்த தாளு அவளுக்கும் தெரியுமோ என்னவோ. செப்டம்பர்னு தேதி போட்ட தாளு, எங்க பில்லிங் பிரிண்டர்ல வந்ததுன்னு யாருக்கும் தெரியும். ஃபைல்லதான் இருக்கு. ஃபைல் பூரா அவதான் பாக்குறா.

“பரீட்சை என்னிக்கு?”ன்னு கேட்டேன். அந்தம்மா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. இந்தா, இருக்கு பாருங்க. செவ்வாய், வியாழன், சனி. ஜூன் ரெண்டாவது வாரம். அதைப் பாத்ததும் கவுன்டரை விட்டு நகர மாட்டேங்கறேன், பின்னாடி நிக்கிறவங்க சத்தம் போடறாங்க.

ஏன்னா முந்தாநாள் அவ என்கிட்ட ஒரு லீவ் லெட்டர் குடுத்தா. அம்மாவுக்குக் கண்ணுல புரை, ஆபரேஷன் பண்ணணும், மொத நாள் டெஸ்ட்டு, அடுத்து ஆபரேஷன், அப்புறம் கட்டுப் பிரிக்கணும், மூணு நாளு விட்டு விட்டு லீவு வேணும்னு. இதே செவ்வாய், வியாழன், சனி. அந்த வாரந்தான் தரச் சான்றிதழுக்குச் சோதிக்க வர்றாங்க. இவ இல்லாம நான் எப்படி அந்த ஆளுங்க முன்னாடி நிப்பேன்? லெட்டர் மேல ‘இயலாது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “உங்கம்மாவைச் சித்தி கூட்டிட்டுப் போகட்டும்டி, கண்ணு எங்கயும் ஓடிறாது, ஒரு வாரம் கழிச்சுப் பண்ணிக்கலாம்”னேன். “சரிக்கா”ன்னா. அதே மாதிரி. “சரிக்கா.” லெட்டரை நாலா மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டா.

வெளிய வந்து, வாசல்ல வேப்ப மரத்தடியில நின்னு அவளுக்குப் போன் போட்டேன். இப்பத்தான், பஸ் ஏறுறதுக்கு முன்னாடி. எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் போட்டேன். பிரிண்டர்ல பாத்ததுலருந்து சொல்லிரணும்னு.

“அக்கா, உடம்பு எப்படி இருக்கு?”ன்னு எடுத்தா.

“பரவால்ல”ன்னேன். “உன் லீவ் லெட்டரை... அந்த மூணு நாளு... நீ எடுத்துக்க. நான் மேனேஜர்கிட்டச் சொல்லிக்கிறேன்.”

அந்தப் பக்கம் பின்னாடி டோக்கன் நம்பர் கூப்பிடறது மட்டும் கேக்குது.

“நெசமாவாக்கா? அந்த வாரம் அவங்க வர்றாங்களே.”

“வரட்டும். அம்மாவுக்கு எந்தக் கண்ணுல ஆபரேஷன்?” ஏன் கேட்டேன்னு தெரியலைங்க. அவளா சொல்லிருவாளோன்னு ஒரு ஆசை.

கொஞ்சம் யோசிச்சா. “இடது கண்ணுக்கா.”

“நல்லபடியா முடியும். பதட்டப்படாம போயிட்டு வா.”

“ம்.” அப்புறம் சொன்னா, “நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. அவங்க என்னென்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கேள்வி, பதில் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டுத்தான் போவேன். நீங்க ரெண்டு தடவை படிச்சாப் போதும்.”

அவ பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்துல எனக்கு நோட்டு எழுதப் போறா. வேண்டாம்னு சொல்லியிருக்கணும். “சரிடி”ன்னேன்.

இப்பச் சொல்லு, இப்பச் சொல்லுன்னு மனசு அடிச்சுக்குது. வாய் தொறக்க மாட்டேங்குது. அதுக்குள்ள அவ, “ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க குடுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல”ன்னா. குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு அவளுக்கு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவால்லடி, பரவால்ல”ன்னேன். என்னமோ அவதான் எனக்குத் தப்புப் பண்ணின மாதிரி, நான் மன்னிச்சு விடற மாதிரி. ரெண்டு தடவை சொன்னேங்க. சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன்.